பழங்கணினியும் பைந்தமிழும்

மல்லசமுத்திரத்தில் நம் இல்லத்துப் பரணில் பழைய கணினியொன்று துணி போர்த்திக் கிடக்கிறது. காணுந்தோறும் இளமை நினைவுகள் எழுகின்றன. ஆயினும், நினைந்து மகிழ்வது மட்டும் போதுமா என்பதே நம் வினா.

நம் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டை அதில் தட்டெழுதி, 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டில் சேமித்தோம். கணினி பழுதுற்றது, புதுக் கணினிகளில் அவ்வட்டுக்கு இடமில்லை. நண்பர் உதவியால் படியெடுத்துத் திறந்தபோது, தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே தோன்றின. அந்நாளில் எழுத்துருதோறும் குறியீடு வேறுபட்டதே காரணம். உரிய எழுத்துருவைத் தேடி, ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே நம் எழுத்து நமக்கு மீண்டது.

இக்குழப்பம் தீரவே 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனால், முன்னர் எழுதப்பெற்றவை தாமாக மாறிவிடுமோ?

ஓலைச்சுவடியைப் படிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். வட்டைப் படிக்கவோ கருவியும் எழுத்துருவும் வேண்டும். அதன் காந்தப் பதிவும் நாளடைவில் மங்கும். ஆகவே, பழங்கணினியை எடைக்கு விற்குமுன் அதனுள் உறங்கும் தமிழை மீட்போம். அம்முறையைக் கற்பித்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுப் பரணிலிருந்தே தொடங்குங்கள்!