பிறந்தகத்துப் பாட்டு

ஊர் செல்வோர்க்குரிய இரயில் முன்பதிவு விவரங்களை இத்திங்கள் எழுதுவதாக வாக்களித்திருந்தோம். நேயர்கள் பொறுத்தருள்க, அதனை அடுத்த இதழில் காணலாம். இம்முறை வேறொன்று நம் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது.

நம் அலுவலகத்தில் மூத்தவராக விளங்கிய வங்க நண்பர் ஒருவர் அண்மையில் ஓய்வு பெற்றார். பழைய வீட்டை விட்டு, மகனுடைய சிறிய அடுக்குமாடி வீட்டிற்கு அவர் குடிபெயர வேண்டியதாயிற்று. தந்தையார் சேர்த்து வைத்த இசைத்தட்டுகள் இரண்டு மரப்பெட்டிகள் நிறைய இருந்தன. அவற்றை விற்குமுன் பட்டியல் எழுதித் தருமாறு நம்மை வேண்டினார். பட்டியல் எழுதுவதொன்றே நாம் பிழையின்றிச் செய்யும் தொழில். ஒரு ஞாயிறன்று கோடிட்ட பதிவேட்டுடன் சென்றோம்.

நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகள். கைதவறி விழுந்தால் அப்பளமாய் நொறுங்குபவை. எண், பாடியவர், தட்டின் நிலை என்று எழுதிக்கொண்டே போனோம். இந்திப் பாட்டென்றால் தேநீர்க்கடை இரைச்சல் என்பதே அதுகாறும் நம் எண்ணம். நண்பர் ஒரு தட்டைத் துடைத்தார். கிராமபோனின் கைப்பிடியைச் சுற்றினார். புது ஊசி பொருத்தினார். “எழுதுவதைச் சற்று நிறுத்துங்கள்” என்றார்.

குந்தன்லால் சைகல் 1938-இல் ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ படத்தில் பாடிய ‘பாபுல் மோரா’ அது. இந்துஸ்தானி பைரவி இராகம். நம் சிந்துபைரவிக்கு நெருங்கிய உறவு. ஆகவே, பொருள் விளங்குமுன்பே செவிக்கு அது பழகியதாய் இருந்தது. மூன்று நிமிடத்தில் தட்டு ஓய்ந்தது. நாம் எழுதுகோலை எடுக்கவில்லை.

பொருளை நண்பர் விளக்கினார். மணமுடித்துப் பல்லக்கேறும் மகள் தந்தையை விளித்து, பிறந்தகம் பிரிவதைச் சொல்லி வருந்தும் பாட்டாம். பல்லக்கைத் தூக்குவோர் நால்வர். பாடையைத் தூக்குவோரும் நால்வரே என்று அவர் மெல்லக் கூறினார். இதனை இயற்றியவர் அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா என்பது வழக்கு. 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரிடமிருந்து அரசைப் பறித்தது. லக்னோவை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்த அவர், மட்டியாபுருஜில் தம் ஊரின் சாயலாகவே ஒரு குடியிருப்பை எழுப்பி, லக்னோவை மீண்டும் காணாமலே 1887-இல் மறைந்தார். மட்டியாபுருஜ், நாம் நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடும் கார்டன் ரீச் அலுவலகத்தின் அண்டைப் பகுதி! இத்தனை ஆண்டுகளாய் அவ்வழியே சென்று வந்தும் நாம் இதனை அறிந்தோமில்லை.

சைகலும் இளமையில் இரயில்வேயில் நேரக்கணக்கராய் இருந்தவராம். கேட்டதும் நமக்குச் சிறிது பெருமிதம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் தந்தையார் மறைந்தபின், அம்பாசமுத்திரத்து வீட்டை விற்றுவிட்டு அன்னையாரை இங்கு அழைத்து வந்தோம். அது தக்க செயலே என்று இன்றும் கருதுகிறோம். ஓடு மாற்ற அங்கே ஆளில்லை. குடிவைத்தால் மேற்பார்க்க ஒருவருமில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாம் காட்டிய இடத்தில் அன்னையார் வாய் திறவாமல் கையொப்பமிட்டார். அம்மௌனத்தை இசைவென்று நாமே வரவு வைத்துக்கொண்டோம்.

மறு ஞாயிறு நண்பரைக் கிராமபோனுடன் நம் இல்லத்திற்கு அழைத்தோம். அன்னையார் இந்தி அறியார். பொருளை நாம் சொல்லவுமில்லை. அடுக்களை வாயிலில் நின்று கேட்டவர், “இன்னொரு தரம் வைக்கச் சொல்லுப்பா” என்றார். இரண்டாம் முறை தரையில் அமர்ந்து கேட்டார். பின்னர் மேசை மேலிருந்த பட்டியலைக் கண்டு, அஃது எதற்கென்று வினவினார். விற்பதற்கு என்றோம்.

“விக்க வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லு. என் கட்டிலுக்குக் கீழே இடம் இருக்கு.”

மொழிபெயர்த்துச் சொன்னோம். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. அவர் விடைபெற்றுச் சென்றபின், மூன்றாண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டோம்: வீட்டை விற்றதில் வருத்தமுண்டா என்று.

“கிணத்தடியிலே கறிவேப்பிலை ஒண்ணு நின்னுது. அதுக்கு இப்போ யார் தண்ணி ஊத்துறாங்களோ” என்று மட்டும் கூறி, அன்னையார் காப்பி கலக்க உள்ளே சென்றார்.

அந்த வீட்டை வாங்கியவர்க்கு மறுநாளே கடிதம் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.

இரு பெட்டிகளும் இப்போது அன்னையாரின் கட்டிலடியில் இருக்கின்றன. கிராமபோனையும் நண்பர் நம்மிடமே விட்டுச் சென்றார். ஞாயிறு மாலைகளில் அவர் வருகிறார். தட்டு தேயாதிருக்க ஒவ்வொரு முறையும் ஊசியை மாற்ற வேண்டியிருப்பதால், கையிருப்பு தீரும் நிலையில் உள்ளது. பழைய கிராமபோன் ஊசிகள் வைத்திருக்கும் நேயர்கள் சங்க நூலகத்தில் தெரிவித்தால், நாமே வந்து பெற்றுக்கொள்வோம்.