துக்க வீட்டுக்கு எத்தனை அடி தள்ளி?

2014 ஆகஸ்ட் 22 அன்று பெங்களூரு மணிப்பால் மருத்துவமனையில் கன்னட எழுத்தாளர் யு.ஆர்.அனந்தமூர்த்தி காலமானார். அந்நகரின் கலாகிராமத்தில் அவர் உடலுக்குத் தீ மூட்டும் முன்பே மங்களூரிலும் சிக்கமகளூரிலும் இந்துத்துவ அமைப்பினர் சிலர் பட்டாசு வெடித்தார்கள். மோடி ஆளும் நாட்டில் வாழ விரும்பவில்லை என்று முந்தைய ஆண்டு அவர் சொல்லியிருந்ததுதான் காரணம். அவருடைய ‘சம்ஸ்காரா’ நாவலில் நாரணப்பனின் பிணம் வீட்டில் கிடக்கும். ஈமக்கிரியை செய்யலாமா, கூடாதா என்று அக்கிரகாரம் வாதாடும். அவனோடு வாழ்ந்த சந்திரி, தன் நகைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். இறந்தவரை ஏசுகிறவர்களைச் சட்டம் எங்கே தடுக்க வேண்டும் என்ற கேள்விக்கான விடை, அப்படிப் பிணம் கிடக்கும் வீட்டு வாசலில்தான் இருக்கிறது.

பட்டாசு வெடித்தது ஈனச் செயல். ஆனாலும் அதற்காகச் சிறை என்பதை ஏற்க மாட்டேன். 2012 நவம்பரில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்தபோது, மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய பால்கர் இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். ‘மனம் புண்பட்டது’ என்பதையே அளவுகோலாக வைத்தால், சட்டம் இப்படித்தான் எளியவர் மேல் பாயும். அந்தக் கைதுகளை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது.

அதே பட்டாசைக் கலாகிராமத்தில் சிதைக்கு அருகே வெடித்திருந்தால் கதை வேறு. தெருவில் போகிறவர் காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடலாம். கொள்ளி வைக்க நிற்கும் மகன் எங்கே போவான்? மனதைப் புண்படுத்தும் நோக்கோடு ஈமச்சடங்குக்குக் கூடியவர்களுக்கு இடையூறு செய்தால் ஓராண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சம்ஹிதையின் 301ஆவது பிரிவு சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 297. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் ராணுவ வீரர் ஒருவரின் சவ அடக்கத்தின்போது வெறுப்புப் பதாகை பிடித்த வெஸ்ட்பரோ சபையினருக்குச் சாதகமாக 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி அலிட்டோ ஒருவர் மட்டும் மறுத்தார். சபையினர் தேவாலயத்திலிருந்து சுமார் ஆயிரம் அடி தள்ளி நின்றதும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் கொள்ளப்பட்டது.

மிரட்டலுக்கு மட்டும் இந்தத் தூரக் கணக்கு பொருந்தாது. 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில் கன்னட அறிஞர் கல்புர்கி சுட்டுக் கொல்லப்பட்டதும், அடுத்தது எழுத்தாளர் கே.எஸ்.பகவான் என்று ட்விட்டரில் ஒருவர் எழுதினார். இரண்டே ஆண்டில், பெங்களூரு ராஜராஜேஸ்வரி நகரில் தன் வீட்டு வாசலில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொல்லப்பட்டார். அந்த வழக்கைத் துருவிய சிறப்புப் புலனாய்வுக் குழு, பகவானைக் கொல்லவும் சதி நடந்ததாகக் கண்டறிந்தது.

இனி இப்படி ஒரு மரணம் நேர்ந்தால் பெங்களூரு போலீஸ் செய்ய வேண்டியது சிறிய காரியம். சடங்கு முடியும்வரை துக்க வீட்டையும் சுடுகாட்டையும் சுற்றி ஒரு எல்லை வகுத்து, கோஷம் யாருடையது என்று பாராமல் எல்லாரையும் அதற்கு வெளியே நிறுத்த வேண்டும். இறந்தவரை ஏச விரும்புகிறவர்கள், போராட்டங்களுக்கென்று இருக்கும் சுதந்திரப் பூங்காவில் நின்று ஏசட்டும்.