கதிரைக்கு ஒரு படம் போதாது

கந்தோர் என்ற சொல்லே யாழ்ப்பாணத்துக்கு ஒல்லாந்தர் தந்தது. லாச்சியும் அவர்கள் வழியில் வந்ததுதான். மேசை, கதிரை, அலுமாரி மூன்றும் அவர்களுக்கு முன்பு, 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் சொற்கள். பெயர் எங்கிருந்து வந்தாலும் தலைமுறை தலைமுறையாகப் பொருளைச் செய்தவர்கள் இங்குள்ள ஓடாவிமார். இன்று புதிய கந்தோருக்குத் தளபாடம் செய்விக்க அவர்களிடம் போகிறவர்கள், பெரும்பாலும் கைபேசியில் ஒரு படத்தை மட்டும் கொண்டுபோகிறார்கள்.

"இதே மாதிரி வேணும்."

"செய்யலாம் ஐயா."

முற்பணம் கைமாறுகிறது. படத்தில் இருப்பது மெலமைன் ஒட்டிய துகள் பலகை, கேட்பதோ முதிரை மரம். துகள் பலகையில் எட்டடி நீளத்துக்கும் ஒரே வழுவழுப்பு வரும். முதிரையில் பலகைகளை இணைத்துத்தான் மேற்பரப்பு எடுக்க வேண்டும். பொருத்துத் தெரியும், ரேகை தெரியும், நாலு பேர் பிடித்தால்தான் மேசை நகரும். இதை முதல் நாளே எடுத்துச் சொல்லாத "செய்யலாம்"தான் பின்னால் சண்டையாகிறது.

மரம் வேறு, காலம் வேறு. வன்னியிலிருந்து முதிரை வர அனுமதிப்பத்திரம் வேண்டும். வந்த மரத்தை அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு நிழலில் உலர விடுவது பழைய கணக்கு. திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு அவ்வளவு காத்திருக்க யாருக்குப் பொறுமை? மரம் நீளவாக்கில் அதிகம் அசையாது, அகலவாக்கில்தான் சுருங்கி விரியும். சோளகக் காற்றில் இடைவெளியில்லாமல் பொருத்திய லாச்சி, ஐப்பசி மழை பிடித்ததும் பாதியில் இறுகிவிடும். எழுதுவினைஞர் ஒரு காலால் மேசையை மிதித்துக்கொண்டு பிடியை இழுப்பார். பிடி கழன்று கையோடு வரும். பழி முழுவதும் ஓடாவியார் தலையில் விழும். அடுத்த ஓடர் கொழும்புக் கடைக்குப் போகும்.

அந்தப் பழியில் பாதியையாவது ஓடர் கொடுத்தவர் ஏற்க வேண்டும். மேசை இருபத்தொன்பது அங்குல உயரமா முப்பதா, கதிரையின் இருக்கை பதினேழா பதினெட்டா, கணினி வயர் எந்த வழியால் இறங்கும், லாச்சிக்குள் கோப்பு படுக்குமா நிற்குமா என்பதெல்லாம் கந்தோரில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குத்தான் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலதிகாரி படத்தைக் காட்டினால் ஓடாவியார் என்ன செய்வார்?

செய்பவரையும் மனத்தில் வைத்து வரைந்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. 1950களில் இந்தியாவில் சண்டிகர் நகரம் எழுந்தபோது, அதன் அரச அலுவலகங்களுக்கான கதிரைகளை வடிவமைத்தவர் சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜன்னரே. தேக்கும் பிரம்பும் அங்கே கிடைத்தன. உள்ளூர்ப் பட்டறைகள் இலகுவில் செய்யக்கூடிய எளிய வடிவங்களையும் பொருத்துகளையும் வைத்தே வரைந்து கொடுத்தார். பட்டறைக்குப் பட்டறை சிறு வித்தியாசம் வந்தது. பின்னர் கந்தோர்கள் கழித்து ஒதுக்கிய அதே கதிரைகள் இன்று ஐரோப்பிய ஏலங்களில் பெருந்தொகைக்குப் போகின்றன.

யாழ்ப்பாணத்திலும் அப்படித் தொடங்கலாம். அளவெழுதிய ஒரு தாளில் மரத்தின் பெயர், தடிப்பு, பொலிஷ் நிறம், தவணைப் பணம் எல்லாம் இருக்கட்டும். இரு தரப்பும் கையெழுத்திடட்டும். இருபது கதிரை தேவையென்றால் முதலில் ஒன்றைச் செய்விக்கலாம். நாள் முழுக்க இருந்து எழுதும் ஒருவர் அதில் ஒரு கிழமை இருந்து பார்க்கட்டும். முதுகு எங்கே நோகிறது என்று அவர் சொன்ன பிறகு மற்றப் பத்தொன்பதுக்கும் மரம் அறுக்கலாம்.