சுரங்கப்பாதையில் போகும் பாங்கிக் கணக்கு!

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரில் ஒரு சம்சாரி இருக்கிறார். பருத்தி விற்ற பணம் ரூ.5 ஆயிரத்தைப் பாங்கியில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கு எங்கே பதிவாகிறது?

அந்தக் கட்டிடத்தில் அல்ல. வெகு தொலைவில் உள்ள பெரிய கம்ப்யூட்டர்களில்!

பெயர்தான் மேகம்

இப்போது பல நிறுவனங்கள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. வாடகைக்கு எடுக்கின்றன. இதற்கு "கிளவுட்", அதாவது மேகம் என்று பெயர். ஆனால் அது வானத்தில் இல்லை. சென்னை, மும்பை, ஐதராபாத் நகரங்களில் உள்ள கட்டிடங்களில்தான் இருக்கிறது.

அதுவரை தகவல் எப்படிப் போகிறது? இன்டர்நெட் வழியாகப் போகலாம். ஆனால் அது பொதுத்தெரு. நல்லவனும் நடப்பான், திருடனும் நடப்பான்.

ஆகவே பொதுத்தெருவுக்கு அடியிலேயே ஒரு ரகசியச் சுரங்கம் அமைக்கிறார்கள். அதுதான் "வி.பி.என்." இரண்டு முனைகளிலும் காவல் கருவி உண்டு. ஒரு முனை தகவலைப் பூட்டி அனுப்பும். மறுமுனை திறந்து படிக்கும். இரு முனைகளிலும் பூட்டும் முறை ஒன்றாக இருக்கவேண்டும். சிறிது மாறினாலும் பாதை திறக்காது.

பலர் காதுபட பேசியே இருவர் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்க முடியுமா? முடியும்! அமெரிக்காவைச் சேர்ந்த டிபி, ஹெல்மன் என்ற இருவர் 1976-ல் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள்.

300 பாங்கிகள் தவித்தன

அப்படியானால் பயமே இல்லையா? உண்டு.

2024 ஜூலை 31. கூட்டுறவு பாங்கிகளுக்கும், கிராம பாங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் வசதி செய்து தரும் "சி-எட்ஜ்" நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானதாகத் தெரியவந்தது. உடனே தேசிய பணப்பட்டுவாடா கழகம் அதனுடன் இருந்த தொடர்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறிய பாங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. மறுநாள்தான் தொடர்பு திரும்பியது.

ஏன் துண்டிக்க வேண்டும்? சுரங்கம், வழியில் நிற்கும் திருடனைத்தான் தடுக்கும். வீட்டுக்குள் புகுந்துவிட்ட திருடனுக்கு அதுவே ராஜபாட்டை!

செய்யவேண்டியது என்ன?

பாதையை அமைத்தால் மட்டும் போதாது. தேவையான கம்ப்யூட்டருக்கு மட்டுமே வழி விடவேண்டும். சாவியை அடிக்கடி மாற்றவேண்டும். ஒரு பாதை அடைபட்டால் உதவ, இரண்டாவது பாதையும் வேண்டும். யார் வந்தார், யார் போனார் என்ற குறிப்பைத் தினமும் பார்க்கவேண்டும்.

வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் புழக்கடையைத் திறந்துபோட்டால் பூட்டு என்ன செய்யும்? சம்சாரியின் 5 ஆயிரம் ரூபாய், பூட்டை மட்டும் நம்பி இல்லை. பூட்டுகிறவரின் கவனத்தை நம்பித்தான் இருக்கிறது.