கப்பலேறி வந்த சமையல்

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அங்கிருந்த தமிழர்கள் பலர் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். கைப்பக்குவம் மட்டும் கூடவே வந்தது. சென்னை பர்மா பஜார் பக்கம் இன்றும் அத்தோ என்ற பர்மிய உணவு கிடைக்கிறது: நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, கூடவே வாழைத்தண்டு சூப்.

நூடுல்ஸை விட்டால், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் அடுப்படிக்கு இவற்றில் எது அந்நியம்?

அத்தோ ஊர் கடந்து வந்ததுபோல், காஞ்சிபுரம் இட்லியும் வீடு வீடாகப் பரவ வேண்டும். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம் அது. அதே மாவட்டத்து ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பங்களை அழைத்து மாவின் புளிப்பைக் காட்டலாம். அவர்கள் வீட்டுக் கடுகெண்ணெய் மீன்குழம்பையும் உரிமையோடு கேட்டு வாங்கலாம்.