குரல் கிடைத்தது, செவி எங்கே?

"எல்லாம் கணிப்பொறிக்குள் ஏறிவிட்டதே ஐயா, இனி நமக்கு என்ன கவலை?" என்றார் கற்றறிந்த நண்பர் ஒருவர். நூல் வெளியீட்டு நிகழ்ச்சி ஒன்றின் பின், பழைய தமிழ் இசைத்தட்டுகள் வீட்டுக்கு வீடு அழிந்து வருவதைச் சொல்லி யாம் வருந்தியதற்கு அவர் தந்த மறுமொழி அது. கைப்பேசியைத் தூக்கிக் காட்டி, "நூறாண்டுப் பழங்குரல்களை அயல்நாட்டான் காத்து வைத்திருக்கிறான், வேண்டும்போது கேட்டுக்கொள்ளலாம்" என்றார். "தாங்கள் கேட்டதுண்டோ?" என்று வினவினோம். இல்லையாம். கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லையாம். இந்த மனநிறைவைத்தான் இங்குச் சாடப் புகுகின்றோம்.

ஒரு குரல் காக்கப்படுவது வேறு; கேட்கப்படுவது வேறு. இவ்வேறுபாட்டை விளக்கப் பாரிசு நகரத்துக் கரித்தாள் ஒன்றே போதும்.

எடுவார்டு இலியோன் இசுக்காட்டு என்பவர் பாரிசில் வாழ்ந்த அச்சுத்தொழிலர். 1857-இல் ஒரு கருவிக்கு உரிமம் பெற்றார். அகன்ற வாயுடைய கூம்பு. அதன் மறுமுனையில் மெல்லிய தோல். தோலில் ஒட்டிய நுண்மயிர். மயிரின் கீழே விளக்குக்கரி படிந்த தாள் சுற்றிய உருளை. கூம்பினுள் பேசினால் தோல் அதிரும். மயிர் கரியில் கோடிழுக்கும். அக்கோட்டை மீண்டும் ஒலிக்கச் செய்யும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. பேச்சு தன்னைத் தானே எழுதிக்கொள்ளும், அதைக் கண்ணாற் படிக்கலாம் என்பதே அவர் கனவு. 1860 ஏப்பிரல் 9-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டார் பாடல் ஒன்றன் சில நொடிப் பகுதியை அவ்வாறு தாளில் எழுதுவித்தார். எடிசனின் தகட்டுக்கருவி பேசியது 1877-இல். அதற்குப் பதினேழாண்டு முன்னரே மாந்தக் குரல் ஒன்று தாளில் ஏறி வாய்பேசாது கிடந்தது.

2008-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அத்தாளைப் பாரிசில் கண்டெடுத்து, நுட்பமாகப் படமெடுத்து, பெர்க்கிலி ஆய்வகத்தார் துணையுடன் கணிப்பொறியால் அக்கோட்டைத் தடவச் செய்து ஒலியாக்கினர். ஊசி தொடவில்லை, தாள் தேயவில்லை. நூற்று நாற்பத்தெட்டாண்டு ஊமையாயிருந்த தாள் பாடியது. கேட்டவர் வியந்தனர். இளம்பெண்ணோ சிறுமியோ பாடுகிறாள் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின.

பாடியவள் சிறுமியல்லள். அடுத்த ஆண்டே அவ்வாய்வாளர்கள் தம் பிழையைத் தாமே கண்டனர். குரலின் விரைவை அளப்பதற்காக இசுக்காட்டு அருகிலேயே இசைக்கவை ஒன்றன் அதிர்வையும் பதித்திருந்தார். போவதும் வருவதும் சேர்ந்து ஓர் அதிர்வு என்பது இன்றைய கணக்கு. போவது ஒன்று, வருவது ஒன்று என எண்ணுவது அவர் காலத்துப் பிரெஞ்சியர் வழக்கு. அவ்வழக்கு தெரியாமல் ஒலிக்கச் செய்ததால் குரல் இருமடங்கு விரைந்தது. விரைவைப் பாதியாக்கியபோது கேட்டது, மெல்ல மெல்லப் பாடும் ஓர் ஆடவனின் குரல். பெரும்பாலும் இசுக்காட்டின் குரலேதான்.

தாளில் குறையில்லை. படத்தில் குறையில்லை. கணிப்பொறியிலும் குறையில்லை. எண்ணும் முறை ஒன்று தெரியாமற் போனதால் நாற்பதைக் கடந்த வயதினன் ஒருவன் சிறுமியாகிவிட்டான்! நேர்மையும் திறமையும் உடையவர்கள், நன்கறிந்த பாட்டில், உயிருடன் வழங்கும் பெருமொழி ஒன்றில் இவ்வாறு தடுக்கி விழுந்தார்கள். தம் பிழையை உலகறியச் சொன்னார்கள். அதற்காக அவர்களைப் போற்றுகிறோம். ஆனால், கேட்பவருக்குத் தெரியாத மொழியில், திருத்த ஆளில்லாத நிலையில், பேழைக்குள் கிடக்கும் குரலின் கதி என்ன?

இதற்கு விடை அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், மேயின் மாநிலத்தில் கிடைக்கிறது. பாசமக்குவாடி என்பார் அம்மண்ணின் தொல்குடியினர். 1890 மார்ச்சுத் திங்களில் செசி வால்ட்டர் பியூக்சு என்ற ஆய்வாளர் எடிசனின் மெழுகுருளைக் கருவியோடு காலிசு என்ற ஊருக்கு வந்தார். தென்மேற்கே சூனி மக்களிடம் செல்லுமுன் கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஆய்ந்து பார்ப்பதே அவர் நோக்கம். ஆம், வெள்ளோட்டம்! ஓரினத்தின் பாட்டும் கதையும் வெள்ளோட்டப் பொருளாயின. நோயெல் சோசப்பு, பீட்டர் செல்மோர் முதலியோர் பாடினர், கதை சொன்னர். ஓர் உருளைக்கு இரண்டு மூன்று மணித்துளிகளே இடம். ஓரினத்தின் இருப்பிடம் சென்று அவர்தம் மொழியையும் இசையையும் கருவியிற் பதித்த முதல் முயற்சி உலகில் இதுவே என்பர்.

அவ்வுருளைகளுள் 31 எஞ்சின. ஆர்வர்டு பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கிடந்து, பின்னர் வாசிங்டனில் உள்ள அமெரிக்கப் பேராய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மெழுகு என்பது ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் சிறிது தேயும். ஈரம் பட்டால் பூசணம் தின்னும். 1980-களில் ஒலிநாடாப் படிகள் அம்மக்களுக்குத் தரப்பட்டன; இரைச்சலுக்கு நடுவே சொல் பிடிபடவில்லை. அண்மைக் காலத்தில்தான் புதுக்கருவிகளால் உருளைகளை எண்ம வடிவில் மீண்டும் பதிந்து, இரைச்சலை நீக்கித் தந்தனர்.

அதன்பின் நடந்ததுதான் நமக்குப் பாடம். நூலகத்து வல்லுநர்க்கு விளங்காத சொற்களை, அம்மொழி பேசும் முதியோர் காதுகொடுத்துக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தெழுதினர். ஒரு வரிக்காகப் பன்முறை கேட்டனர். இன்று அம்மொழியை இயல்பாகப் பேசுவோர் சில நூற்றுவரே. அவருட் பெரும்பாலோர் முதியோர். இன்னும் ஒரு தலைமுறை தாழ்த்திருந்தால் எண்ம வடிவு பளிங்குபோல் தெளிவாக இருந்திருக்கும். பொருள் சொல்ல ஆளிருந்திருக்காது.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் 'பண்டமாற்றுப் பாட்டு' என்று குறித்திருந்ததற்கு 'எசுனோமாவோதுல்தினே' என்ற தம் மொழிப்பெயரை நூலகப் பட்டியலிலேயே ஏற்றுவித்தனர். அப்பதிவுகளை எவ்வாறு பயன்படுத்தலாம், எவ்வாறு கூடாது என்பதைத் தம் மொழியிலேயே எழுதி, 2018-இல் அந்நூலகத்தின் பக்கங்களிற் பொறிக்கச் செய்தனர். அவற்றுள் ஒன்று 'மா யுத் மொனுவாசிவ்'. இது விற்பனைக்கன்று என்பது பொருள். உலகின் மிகப் பெரிய நூலகம், சில நூற்றுவர் பேசும் மொழியில் அவ்வறிவிப்பைத் தாங்கி நிற்கிறது. எட்டுக்கோடி என்று மார்தட்டும் நாம் எந்த நூலகத்தின் வாயிலில் எச்சொல்லைப் பொறித்தோம்?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

இந்நாட்டுக் குரல்களை இசைத்தட்டு வணிகர் பதியத் தொடங்கியது 1902-இல், கல்கத்தாவில். கௌகர் சான் என்ற பாடகியார் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதை இன்றும் கேட்கலாம். பதிந்த குரல் செருமனியின் அனோவர் நகரத்துக்குக் கப்பலேறிச் சென்று, தட்டாக வார்க்கப்பட்டுத் திரும்பி வரவேண்டியிருந்தது. அங்குள்ள தொழிலாளிக்கு எது எவர் பாட்டு என்று விளங்க வேண்டுமே! 1908-இல்தான் கல்கத்தாவில் வார்ப்பாலை வந்தது. தட்டு வார்த்த அரக்கு இந்நாட்டுக் காட்டு மரங்களில் எடுத்தது. பாட்டும் நமது, அரக்கும் நமது. பெயர் சொல்லும் மொழி மட்டும் அவனது.

வணிகர் செய்தது அது. ஆட்சியாளரும் பதிந்தனர். கிரியர்சனின் இந்திய மொழிக்கணக்கீட்டை ஒட்டி 1913 முதல் 1929 வரை பற்பல மொழிகளின் பேச்சு இசைத்தட்டுகளிற் பதியப்பட்டது. தமிழ்ப் பேச்சும் அவற்றுள் உண்டு. இன்று சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் அவை எண்ம வடிவில் எவரும் கேட்குமாறு கிடைக்கின்றன. நண்பர் தூக்கிக் காட்டிய பேசியில் அன்றிரவே அவற்றைக் கேட்டோம். கிறித்தவ மறையின் 'கெட்ட குமாரன்' கதையைப் படிக்கும் குரல்! எல்லா மொழியாளர்க்கும் அதே கதை. ஒரே கதையை எல்லாரும் சொன்னால் மொழிகளை ஒப்பிடலாம் என்பது அவர்கள் முறை. அதில் ஒரு பயன் இருப்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஏற்றப்பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும், விடுகதையும் நாவில் ஊறிக் கிடந்த ஒரு மக்களை, மொழிபெயர்ப்பு ஒன்றைப் படிக்கச் சொல்லிப் பதிந்தார்கள் என்பதை மறந்துவிட்டுக் கேட்டோமானால், நூறாண்டுக்கு முன் தமிழன் இப்படித்தான் பேசினான் என்று தவறாகவே முடிவு கட்டுவோம். அவன் பேசவில்லை, படித்தான். இசைக்கவைக் கணக்கில் நேர்ந்த பிழையினும் இது பெரிதன்றோ?

இன்னொன்றும் உண்டு. 1925-இல் மின்முறைப் பதிவு வருமுன், கூம்பின் வழியே பதிந்த தட்டுகளில் உயர்ந்த அதிர்வுகள் ஏறுவதில்லை. உரசி எழும் ஒலிகள் மங்கிவிடும். தட்டில் கேட்பது சகரமா, வடவரின் உரசொலியா என்று அயலார் செவி முடிவு செய்ய இயலாது. தொல்காப்பியம் பிறப்பியலில் ஒவ்வோர் எழுத்தும் நாவும் அண்ணமும் எங்கே பொருந்தப் பிறக்கும் என்று வரையறுத்து வைத்தது. அவ்வரையறை நூறாண்டுக்கு முன் எவ்வூரில் எவ்வளவு நின்றது, ழகரம் எவ்வாயில் உயிரோடிருந்தது, றகரமும் ரகரமும் எங்கே ஒன்றாய்க் கலந்தன என்பதற்கு ஏடு சான்றாகாது, குரலே சான்று. அச்சான்றைப் படிக்க வேண்டியவன் யார்? அவ்வட்டாரத்துப் பேச்சைத் தாய்ப்பாலோடு பருகியவன். வட்டார வழக்கறிந்த கிழவரும் கிழவியரும் இன்னும் நம் சிற்றூர்த் திண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்கள் முன் அக்குரலை ஒலிக்கச் செய்து, "இஃது எவ்வூர்ப் பேச்சு, பாட்டி?" என்று கேட்ட தமிழ்த்துறைகள் எத்தனை?

அயலாரை வைதல் எம் நோக்கமன்று. வைத்துக் காத்தவனுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எண்ம வடிவு ஒருமுறை செய்தால் என்றும் நிற்பது என்று எண்ணுவதும் அறியாமை. பியூக்சின் மெழுகு நூற்று முப்பதாண்டுக்கு மேலாகக் கிடந்து இன்னும் பேசுகிறது. நம் அலுவலகங்களில் இருந்த நெகிழ்வட்டுகள் இருபதாண்டில் வாய் மூடிவிட்டன. ஆகவே படிக்கு மேற்படி எடுத்து, ஆண்டுதோறும் திறந்து பார்த்து, பல இடங்களில் வைக்க வேண்டும். அவ்விடங்களுள் ஒன்றேனும் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். அதன் பட்டியல் தமிழில் இருக்க வேண்டும். பாடியவர், பேசியவர், ஊர், வழக்கு, சொற்பொருள் ஆகியவற்றைத் தமிழர் கேட்டு எழுதியிருக்க வேண்டும். பாசமக்குவாடியர் கேட்டுப் பெற்றதற்கு மேல் ஒன்றையும் நாம் கேட்கவில்லை.

வீட்டில் அரக்குத் தட்டுகள் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். தேய்ந்த இரும்பூசியை வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். சாராயக் கலப்புள்ள நீர்மங்களால் துடைக்காதீர்கள்; அரக்குக் கரையும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாமல் நிறுத்தி வையுங்கள். நடுத்தாளை ஒட்டி அரக்கிலேயே பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே எப்போது பதிந்தது என்பதைக் கண்டறிய அவ்வெண்ணே திறவுகோல்.

இதை யாம் அறிந்தது காலந்தாழ்ந்து. உறவினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில், வெந்நீரில் இளக்கி ஓரங்களை நெளித்துக் கிண்ணமாக்கிய தட்டு ஒன்றில் நெகிழிப் பூக்கள் வைத்திருந்தார்கள். அவர்தம் பாட்டனார் விரும்பிக் கேட்ட பாட்டாம் அது. எந்தப் பாட்டு என்று எவருக்கும் தெரியவில்லை. பெயர் அச்சிட்ட நடுத்தாள் வெந்நீரில் உரிந்து போயிருந்தது. பூக்களை எடுத்துவிட்டு விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தோம். அடியில் எண் மட்டும் இன்னும் தெரிந்தது. அதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.