பெயரில்லாத பட்டியலை வைத்து என்ன செய்வது?

1994 டிசம்பரில் ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் ஒரு பொது விசாரணை நடந்தது. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலில் (கூலி வருகைப் பதிவேட்டில்) இருந்த பெயர்களை ஊரார் முன்னால் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் உரக்க வாசித்தார்கள். அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் இப்படி வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள், தங்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதைக் கேட்டு எழுந்து நின்றார்கள். இறந்தவர்கள் பெயரிலும் வெளியூர் போய்விட்டவர்கள் பெயரிலும் கூலி ஏறியிருந்தது அம்பலமானது. இந்தக் கணக்குகளின் நகலைத் தரச் சொல்லித்தான் 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

1997இலேயே இப்படியொரு சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆனால் அதில் விலக்குகள் அதிகம். கேட்டுக் கிடைக்காதவர் முறையிடத் தனி ஆணையமும் இல்லை. 2005 சட்டம் இரண்டையும் சரிசெய்தது.

அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு இப்போது மாறிவிட்டது. 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அதைத் திருத்தியது. 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கும் வந்தது. முன்பு ஒரு தகவல் தனிநபர் சம்பந்தப்பட்டது என்பதாலேயே அதை மறுத்துவிட முடியாதிருந்தது. பொதுப் பணியோடு அதற்குத் தொடர்பு இல்லை, அல்லது வெளியிட்டால் ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிட்டதாகும் என்று அலுவலர் காட்ட வேண்டியிருந்தது. அப்படியே ஆனாலும் பெரிய பொது நலன் இருந்தால் தர வழி இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. சட்டமன்ற உறுப்பினருக்கு நிகராக ஒரு சாதாரணக் குடிமகனை நிறுத்திய வரி அது. இந்த நிபந்தனைகள் அத்தனையும் போய், ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒற்றைக் காரணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதனால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். ஊராட்சியில் அரசு வீடு ஒதுக்கப்பட்டவர்களின் பெயர், விடுவிக்கப்பட்ட தவணைகள், எம்-புக் (கட்டுமான அளவுப் புத்தகம்) நகல் ஆகியவற்றைக் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒருவர் மனுப் போடுகிறார். வீட்டுக்கான பணம் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டுமானத்தின் நிலையைப் பார்த்துத்தான் விடுவிக்கப்படும். லிண்டலோடு நிற்கிற வீட்டுக்குக் கூரைப் பணம் போயிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், எந்த வீடு என்று தெரிய வேண்டும். வீடு தெரியப் பெயர் வேண்டும். “ஊராட்சியில் 40 வீடுகள் ஒதுக்கப்பட்டன, இத்தனை லட்சம் செலவானது” என்று பதில் வந்தால் அதை வைத்துத் தெருவில் இறங்கி ஒரு வீட்டைக்கூடச் சரிபார்க்க முடியாது. மொத்தத் தொகையை அரசே ஆண்டறிக்கையில் போட்டுவிடுகிறது. அதற்கு மனு எதற்கு?

பெயரில் ஊழல் ஒளிந்திருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நிலமுள்ள விவசாயிகளுக்கு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியற்றவர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டதும், அவர்கள் கணக்குகளுக்குச் சுமார் 110 கோடி ரூபாய் போனதும் 2020இல் வெளிவந்தன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் பெயர் அப்போது அதிகம் அடிபட்டது. எந்தப் பெயருக்கு நிலம் உண்டு, எதற்கு இல்லை என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் கணினிக்குத் தெரியாது.

அரசுத் தரப்பின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒருவரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் நோய் விவரமும் ஊர் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. என் நிலைப்பாடும் அதுதான். ஆனால் அதற்கான வழி தகவல் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைக் கொடு என்கிறது 10ஆம் பிரிவு. எண்களை அடித்துவிட்டுப் பெயரையும் தொகையையும் தருவதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமையைக் குறுக்கக் கூடாது என்று நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான குழு 2012இலேயே சொல்லியிருந்தது. 2018இல் தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 8(1)(ஜே) பிரிவில் திருத்தம் வேண்டும் என்றது; ஆனால் தீங்கையும் பொது நலனையும் எடைபோடும் முறையை அது விடவில்லை. விட்டது அரசுதான்.

தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே, பொது நலன் ஓங்கி நின்றால் தரலாமே என்கிறார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே எடைபோட வேண்டியது அந்தத் துறையே. தாசில்தார் அலுவலகத்திலோ பி.டி.ஓ. அலுவலகத்திலோ இருக்கும் பொதுத் தகவல் அலுவலர், மேலதிகாரிக்குச் சங்கடம் தரும் பட்டியலைப் பொது நலன் என்று சொல்லித் தாமாக எடுத்துக் கொடுப்பார் என எதிர்பார்ப்பது கடினம். பழைய பாதுகாப்புகள் இருந்தபோதே நிலைமை சுலபமாக இல்லை. ஓர் அரசு ஊழியரின் சொத்து விவரமும் அவர் பெற்ற மெமோக்களும் தனிப்பட்டவை என்று 2012இல் கிரிஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியே எத்தனையோ மனுக்கள் திருப்பி அனுப்பப்பட்டன. இப்போது தீர்ப்பைத் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை.

தகுந்த காரணமின்றித் தகவலை மறுத்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். தரவைக் காக்கத் தவறிய அமைப்புக்குப் புதிய சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை தண்டம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஓர் அலுவலர் எந்தப் பக்கம் சாய்வார்?

ஆனாலும் கதவு முழுதாக மூடிவிடவில்லை. மானியத் திட்டங்களில் பயன்பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவின் 12ஆம் இனம். சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரத்தை வெளியிடச் சொல்கிறது 13ஆம் இனம். திருத்தம் இவற்றைத் தொடவில்லை. தானே வெளியிட்டிருக்க வேண்டிய பட்டியலைக் கேட்கும்போது தனிப்பட்டது என்று ஒரு துறை எப்படிச் சொல்ல முடியும்? ஒவ்வொரு துறையும் நான்காம் பிரிவின்படி பயனாளிகள் பட்டியலைப் பெயரோடு வெளியிட்டாக வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை போடலாம். கிராமசபையில் அந்தப் பட்டியலை வாசிக்கவும் சொல்லலாம். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

அதுவரை மனுதாரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அதில் நான்காம் பிரிவின் 12ஆம் இனத்தையும், 8(2)ஐயும், 10ஆம் பிரிவையும் எழுதுங்கள். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்று சொல்லும் 19(5)ஐயும் சேர்த்தே எழுதுங்கள்.